இருபது நொடி இசையிலிருந்து இருபது நிமிட இசைக்கு

கேள்வி: எனக்கு 41 வயது. சென்னையில் தொலைக்காட்சித் தொடர்களுக்குப் பின்னணி இசை அமைக்கிறேன். வீட்டிலேயே சின்ன ஸ்டுடியோ. கீபோர்டு, கம்ப்யூட்டர், சாம்பிள்கள், எல்லா வாத்தியமும் நானேதான். கல்லூரி நாளிலிருந்து புரோகிரசிவ் ராக் (நீண்ட, பல பகுதிகளாக வளரும் ராக் இசை) கேட்டு வளர்ந்தவன். இப்போது 22 நிமிடம் ஓடும் ஒரே படைப்பை மையமாக வைத்து ஓர் ஆல்பம் செய்து வருகிறேன். கிட்டார் வாசிக்கும் நண்பர் அதைக் கேட்டுவிட்டு, “நல்லாத்தான் இருக்கு, ஆனா பத்து சீரியல் பி.ஜி.எம்.மை ஒட்டி வச்ச மாதிரி இருக்கு” என்றார். அன்றிலிருந்து கை ஓடவில்லை. என் தொழில் பயிற்சி இதற்கு உதவவே உதவாதா? டிரம்ஸைப் புரோகிராம் செய்தே முடித்துவிடலாமா, ஆள் வைத்து வாசிக்க வேண்டுமா? சொந்தப் பெயரில் வெளியிட்டால் தொடர் வாய்ப்புகள் குறையுமோ என்றும் பயமாக இருக்கிறது. பதிவை இணைத்திருக்கிறேன். அதில் இரண்டாவது நிமிடத்தில் வரும் மெட்டு ஒரு தொடரில் ஏற்கெனவே ஒளிபரப்பானது.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

அனுப்பிய பதிவை முழுக்கக் கேட்டேன். உங்கள் நண்பர் சொன்னது உண்மை. ஆனால் அதற்காக வேலையை நிறுத்த வேண்டியதில்லை. உங்களிடம் நல்ல மெட்டுகள் இருக்கின்றன, ஒலி பற்றிய கூர்மையான காது இருக்கிறது. குறை எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்துவிட்டால் இந்த 22 நிமிடத்தை மீட்டுவிடலாம். ஒலிப்பதிவுப் பொறியாளராக நானும் தொடர்களுக்கு மிக்ஸிங் செய்திருக்கிறேன், ராக் இசைக்குழுக்களையும் பதிவு செய்திருக்கிறேன். இரண்டு பக்கமும் தெரியும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தொடருக்கு நீங்கள் எப்படி இசை தருகிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். எபிசோடு ஒளிபரப்புக்குப் போகும் வரை எடிட்டிங் மாறிக்கொண்டே இருக்கும். மாமியார் கதவைத் திறக்கும் காட்சி பன்னிரண்டு நொடியா நாற்பது நொடியா என்று உங்களுக்குத் தெரியாது. அதனால் சோகத்துக்கு ஒன்று, சதிக்கு ஒன்று, பாசத்துக்கு ஒன்று என்று மூட் டிராக்குகளாகக் கொடுக்கிறீர்கள். எடிட்டர் அதை வேண்டிய இடத்தில் வெட்டுவார், சுற்றவிடுவார், வசனத்துக்கு அடியில் இறக்குவார். அவர் எங்கே வெட்டினாலும் இசை காயப்படாமல் நிற்க வேண்டும். இதைச் சாதிக்க உங்கள் கை தானாகவே சில காரியங்களைப் பழகியிருக்கிறது. கீழே ஒரே சுரம் நீண்டு ஒலிக்கும். கோர்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) அதிகம் நகராது. வசனம் வரும் நடு அலைவரிசையைக் காலியாக விட்டுவைப்பீர்கள். ஒவ்வொரு துண்டும் முன்னால் வந்ததை நம்பாமல் தனியாக எழுந்து, அடிப்படைச் சுரமான ஷட்ஜத்தில் (ஸ) போய்ப் பத்திரமாக உட்கார்ந்துவிடும். இது கடினமான கலை. நன்றாகச் செய்கிறவர்கள் குறைவு, நீங்கள் அவர்களில் ஒருவர்.

உங்கள் 22 நிமிடத்திலும் இதேதான் நடக்கிறது. ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை இசை ஷட்ஜத்துக்கு வந்து இளைப்பாறுகிறது, ரிவெர்ப் (எதிரொலி) கரைகிறது, அடுத்தது புதிதாகத் தொடங்குகிறது. ஆறாவது நிமிடத்துப் பகுதியையும் பதினைந்தாவது நிமிடத்துப் பகுதியையும் இடம் மாற்றி வைத்துக் கேட்டுப் பார்த்தேன். எந்த உறுத்தலும் இல்லை. நண்பரின் காதில் விழுந்தது இதுதான். ஒரு நீண்ட புரோகிரசிவ் படைப்பில் அப்படி மாற்ற முடியக் கூடாது. பதினைந்தாவது நிமிடம் ஆறாவது நிமிடத்துக்குக் கடன்பட்டிருக்க வேண்டும். அந்தக் கடனை எழுதுவதுதான் இப்போது உங்கள் முன்னால் இருக்கும் வேலை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

கிரேக்க இசையமைப்பாளர் வாங்கெலிஸை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1970களின் தொடக்கத்தில் பாரிஸில் இருந்தபோது, ஃப்ரெடெரிக் ரோசிஃப் இயக்கிய விலங்குகள் பற்றிய தொலைக்காட்சித் தொடருக்கு அவர் இசையமைத்தார். மென்மையான, சிக்கனமான இசை. ஏறக்குறைய அதே காலத்தில்தான் டெமிஸ் ரூசோஸ் பாடிய அஃப்ரொடைட்ஸ் சைல்ட் என்ற குழுவோடு, ‘666’ என்ற இரட்டை ஆல்பத்தைச் செய்தார். 1972-ல் வெளியான அதில் மூர்க்கமும் கூச்சலும் நிறைந்த புரோகிரசிவ் ராக் இருக்கிறது. ஒரே ஆள், ஒரே கைகள். ஒன்று செய்தால் இன்னொன்று வராது என்பதற்கு இதைவிட நல்ல மறுப்பு தேவையில்லை.

ஆனால் உங்களுக்குப் பயன்படும் பாடம் அதற்கு அடுத்த ஆல்பங்களில்தான் இருக்கிறது. லண்டனுக்குக் குடிபெயர்ந்து தனக்கென்று நீமோ என்ற ஸ்டுடியோவை அமைத்துக்கொண்டு, 1975-ல் ‘ஹெவன் அண்ட் ஹெல்’ ஆல்பத்தை வெளியிட்டார். இசைத்தட்டின் ஒவ்வொரு பக்கமும் ஒரே நீண்ட ஓட்டம். சிந்தசைசர், தாளவாத்தியங்கள் எல்லாம் அவரே. கூடவே இங்கிலிஷ் சேம்பர் கொயர். ஒரு பகுதிக்கு யெஸ் என்ற புரோகிரசிவ் ராக் குழுவின் ஜான் ஆண்டர்சன் பாடினார். ஐந்து ஆண்டு கழித்து, கார்ல் சேகன் தொகுத்து வழங்கிய ‘காஸ்மோஸ்’ தொலைக்காட்சித் தொடர் அந்த ஆல்பத்திலிருந்து ஒரு சிறு பகுதியை எடுத்து முகப்பிசையாக வைத்துக்கொண்டது. தனியாகக் கேட்டாலும் அந்தத் துண்டு அவ்வளவு கனமாக இருப்பதற்குக் காரணம், அது நீண்ட ஒன்றுக்குள் வளர்ந்து வந்தது. ஆல்பத்தில் அதற்கு முன்னால் நடக்கும் அமளியைக் கேட்டுவிட்டு அந்த இடத்துக்கு வந்து பாருங்கள், அதன் அமைதிக்கு வேறு பொருள் கிடைக்கும். நீளமான படைப்பிலிருந்து தொலைக்காட்சிக்குத் துண்டு எடுப்பது எளிது. நீங்கள் எதிர்த்திசையில் நடக்கிறீர்கள், துண்டுகளிலிருந்து நீளத்துக்கு. கடினமான திசை அது.

ஆகவே ஒன்று செய்யுங்கள். உங்கள் பதிவில் ஒன்பதாவது நிமிடத்தில், பிட்ச் பெண்டைக் (சுரத்தை வளைக்கும் சக்கரம்) கொண்டு சாருகேசி ராகத்தின் சாயலில் ஒரு லீட் (முன்னால் நிற்கும் மெட்டு) வாசிக்கிறீர்கள். தைவதத்தை ஏந்தி நிறுத்தி, நிஷாதத்தைத் தொட்டும் தொடாமலும் இறங்குகிற அந்த வரி. இந்த 22 நிமிடத்தில் உயிருள்ள மெட்டு அதுதான். இப்போது அது ஒருமுறை வந்துவிட்டுக் காணாமல் போகிறது. அதை இரண்டாவது நிமிடத்திலேயே கொண்டுவாருங்கள், ஆனால் பாதியை மட்டும். ஏழாவது நிமிடத்தில் அதே சுரங்கள் பேஸில் வரட்டும், கேட்பவருக்கு எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். முழு வடிவம் பன்னிரண்டில். பிறகு அதைச் சிதையுங்கள், வேறு தாளத்தில் போடுங்கள், கிட்டாரிடம் கொடுங்கள். பத்து மெட்டில் மூன்றை வைத்துக்கொண்டு ஏழை எடுத்து வேறு வேலைக்கு வைத்துவிடலாம். மனசு கேட்காது, தெரியும். அந்த ஏழும் மோசமானவை என்பதால் சொல்லவில்லை. அவை இருப்பதால் மற்ற மூன்றுக்கும் வளர இடமில்லை.

‘என் பயிற்சி உதவாதா’ என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்ல டெலியா டெர்பிஷயரைப் பற்றிப் பேச வேண்டும். அவர் மீது எனக்குத் தீராத மதிப்பு உண்டு.

கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்தவர். ஒரு பெரிய இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை கேட்டபோது, பதிவுக்கூடத்தில் பெண்களை வைத்துக்கொள்வதில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார். 1962-ல் லண்டன் மெய்டா வேலில் இருந்த பி.பி.சி. ரேடியோபோனிக் வொர்க்‌ஷாப்பில் சேர்ந்தார். வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு மின்னணு ஒலிகளைச் செய்து கொடுக்கும் பிரிவு அது. 1963-ல் ‘டாக்டர் ஹூ’ தொடருக்காக ரான் கிரெய்னர் எழுதிய முகப்பிசையை ஒலியாக்கும் வேலை அவரிடம் வந்தது. கீபோர்டு கொண்ட சிந்தசைசர் அங்கே இல்லை. ஒற்றைத் தந்தியைச் சுண்டிப் பதிவு செய்து, டேப்பின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து வேறு வேறு சுரங்களாக்கி, ஒவ்வொரு சுரத்தையும் பிளேடால் வெட்டி ஒட்டினார். மெட்டுக்கு, கருவிகளைச் சோதிக்க வைத்திருந்த, மின்னணு ஒலி எழுப்பும் ஆசிலேட்டர்கள். மல்டிடிராக் ரெக்கார்டரும் கிடையாது. தனித்தனி டேப் இயந்திரங்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டுக் கலந்தார்கள். அறுபது ஆண்டுக்கு மேலாகியும் அந்த ஒலி பழசாகவில்லை.

அந்த வேலையில் ஊறியவர், சக ஊழியர் பிரையன் ஹாட்ஜ்சனுடன் சேர்ந்து ராக் பக்கம் வந்தார். அவர்களை இழுத்து வந்தவர் டேவிட் வோர்ஹவுஸ். டபுள் பேஸ் வாசிப்பவர், மின்னணுவியலும் தெரிந்தவர். டெர்பிஷயரின் உரை ஒன்றைக் கேட்டுவிட்டு அவரைத் தேடிப்போனார். மூவரும் ஒய்ட் நாய்ஸ் என்ற பெயரில், கேம்டனில் அமைத்த கலைடோஃபோன் ஸ்டுடியோவில் வேலை செய்தார்கள். ஐலண்ட் ரெக்கார்ட்ஸின் கிறிஸ் பிளாக்வெல் முன்பணம் கொடுத்து, சிங்கிள் வேண்டாம், முழு ஆல்பமாகவே செய்யுங்கள் என்றார். ‘அன் எலெக்ட்ரிக் ஸ்டார்ம்’ 1969-ல் வெளிவந்தது. புரோகிரசிவ் ராக்கின் முன்னோடிக் குழுவான கிங் கிரிம்சனின் முதல் ஆல்பம் வந்ததும் அதே ஆண்டுதான். புரோகிரசிவ் ராக் என்ற பெயரே சரியாக நிலைபெறாத நேரம். அப்போது யார் கடையிலும் பெரிதாக விற்கவில்லை. பிறகு மின்னணு இசைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேடிப் பிடித்துக் கேட்கும் ஆல்பமானது.

அதன் இரண்டாம் பக்கத்தை நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டும். முதலில் ‘தி விசிட்டேஷன்’, பதினோரு நிமிடம். விபத்தில் இறந்த காதலனின் ஆவி காதலியைத் தேடி வரும் கதை. மாதக்கணக்கில் வெட்டி ஒட்டிச் செய்தது. இதில் வானொலி நாடகத்துக்கும் தொலைக்காட்சிக்கும் ஒலி செய்து பழகிய கை அப்படியே தெரிகிறது. எங்கே அழுகுரல் வர வேண்டும், எங்கே பாட்டு நிற்க வேண்டும், எவ்வளவு நேரம் வெறும் காற்றாக விட வேண்டும் என்ற கணக்கு ராக் இசைக்கலைஞர்களிடம் அபூர்வம். உங்களிடம் அது இருக்கிறது. உங்கள் பதிவின் பதினெட்டாவது நிமிடத்தில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒற்றைச் சுரத்தை மட்டும் விடுகிறீர்களே, அந்தத் துணிச்சல் காட்சிகளுக்கு இசை போட்டுப் போட்டு வந்தது. அதை இழந்துவிடாதீர்கள்.

அடுத்து வருவது அந்த ஆல்பத்தின் கடைசிப் படைப்பு. ஓர் ஆண்டு போன பிறகும் ஆல்பம் முடியாததால் நிறுவனம் பொறுமை இழந்து நெருக்கியது. மீதிப் பக்கத்தை நிரப்ப, பால் லிட்டன் என்ற டிரம்மரை வைத்து ஒரே நாளில் வாசித்துப் பதிவு செய்து முடித்தார்கள். கரடுமுரடானது. படைப்பு என்ற அளவில் ‘தி விசிட்டேஷன்’தான் உயர்ந்தது என்பது என் கருத்து. ஆனால் அந்த டிரம்ஸ் நுழைந்ததும் ஆல்பத்தின் உடம்பே மாறிவிடுகிறது. அதுவரை எல்லாம் ஒரு மேசையில் அளந்து வெட்டப்பட்டவை. இப்போது ஒரு மனிதர் மூச்சு வாங்க அடிக்கிறார், அடுத்த அடி எங்கே விழும் என்று நமக்குத் தெரியவில்லை.

டிரம்ஸ் பற்றிய கேள்விக்கு என் பதில் இதிலேயே வந்துவிட்டது. ஆள் வைத்து வாசியுங்கள். பணம் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் இருக்கிறது என்றால், அது டிரம்மருக்குப் போகட்டும். புதிய பிளக்-இன், புதிய சாம்பிள் லைப்ரரி, விலையுயர்ந்த மாஸ்டரிங் எல்லாம் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். புரோகிராம் செய்த டிரம்ஸ் இன்று மிக நன்றாக ஒலிக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதைப் புரோகிராம் செய்வது நீங்கள்தான். நீங்கள் எழுதிய கீபோர்டை நீங்களே எழுதிய டிரம்ஸ் எதிர்த்துப் பேசாது. இந்த இசைக்கு எதிர்த்துப் பேசும் ஒருவர் தேவை. சென்னையில் தேவாலயங்களில் வாரந்தோறும் வாசித்து வளர்ந்த டிரம்மர்களும் பேஸ் கலைஞர்களும் நிறைய இருக்கிறார்கள். கிளிக்கோடு (வேகம் மாறாமல் இருக்கக் காதில் ஒலிக்கும் டிக் டிக்) வாசிக்கவும் தெரியும், பாடுபவர் இழுத்தால் கூடவே இழுக்கவும் தெரியும். அப்படி ஒருவரைத் தேடுங்கள்.

அவருக்கு முடிந்த பதிவை அனுப்பாதீர்கள். முடிந்ததைக் கேட்டால் நீங்கள் புரோகிராம் செய்ததையே அப்படியே வாசித்துக் கொடுத்துவிட்டுப் போவார். கிளிக்கும் ஒரு பியானோவும் மட்டும் வைத்து கைடு டிராக் (வாசிப்பவருக்கு வழிகாட்டும் பதிவு) செய்யுங்கள். கிளிக்கே 22 நிமிடமும் ஒரே வேகத்தில் ஓட வேண்டியதில்லை. பெரிய திருப்பம் வரும் இடங்களில் இரண்டு மூன்று பி.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற கணக்கு) ஏற்றி இறக்கி டெம்போ மேப் போடுங்கள். ஐந்தாறு நிமிட நீளமுள்ள பெரிய பகுதிகளாக ஒரே மூச்சில் வாசிக்கச் சொல்லுங்கள். நான்கு பார் வாசித்து லூப் செய்வது வேண்டவே வேண்டாம். கிக்குக்கு ஒன்று, ஸ்னேருக்கு ஒன்று, மேலே இரண்டு, இந்த நான்கு மைக்குகளும் சுமாரான அறையும் போதும். பதிவானதைக் கம்ப்யூட்டரின் கிரிட்டில் (தாளக் கட்டங்கள்) இழுத்து நேராக்காதீர்கள். உங்கள் சீக்வென்சர் (பதிந்த சுரங்களைத் தானே திரும்பத் திரும்ப வாசிக்கும் கருவி) வாசிக்கும் ஆர்பெஜியோ (ஒவ்வொன்றாக உதிரும் கோர்டுச் சுரங்கள்) கிளிக்கில் கச்சிதமாக ஓடட்டும், டிரம்மர் ஒரு மயிரிழை பின்னால் இருக்கட்டும். இரண்டும் உரசுகிற அந்த இடம்தான் சுவை.

இந்த உரசலைக் கேட்க டாஞ்செரின் ட்ரீம் குழுவின் 1978 ஆல்பம் ‘சைக்ளோன்’ நல்ல உதாரணம். பெர்லின் நகரத்துக்காரர்கள். சீக்வென்சரை மையமாக வைத்து, வார்த்தையே இல்லாத நீண்ட மின்னணு இசையால் பெயர் பெற்றவர்கள். பின்னாளில் ‘ஸ்ட்ரீட் ஹாக்’ என்ற அமெரிக்கத் தொடரின் முகப்பிசையையும் அவர்கள்தான் செய்தார்கள். ‘சைக்ளோன்’ ஆல்பத்தில் முதன்முறையாகப் புரோகிரசிவ் ராக் பக்கம் சாய்ந்து, பாடவும் புல்லாங்குழல் வாசிக்கவும் ஸ்டீவ் ஜாலிஃபையும், டிரம்ஸுக்குக் கிளாவுஸ் க்ரூகரையும் சேர்த்துக்கொண்டார்கள். பாட்டு உள்ள முதல் பக்கம் ரசிகர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே படைப்பு, அதில் பாட்டு இல்லை, சீக்வென்சரும் டிரம்ஸும் சேர்ந்து ஓடுகின்றன. எனக்கு அந்த ஆல்பத்தில் பிடித்தது அதுதான். அடுத்த ஆண்டு வந்த ‘ஃபோர்ஸ் மஜூர்’ ஆல்பத்தில் டிரம்ஸை வைத்துக்கொண்டு பாட்டை விட்டுவிட்டார்கள். நீங்கள் பதினாறாவது நிமிடத்தில் ஆங்கிலத்தில் எட்டு வரி பாடவைத்திருக்கிறீர்கள். ராக் என்றால் பாட்டு இருக்க வேண்டும் என்று நினைத்துச் சேர்த்ததுபோல் படுகிறது. எடுத்துவிடுங்கள். உங்களுக்குச் சொல்ல வேண்டியது இருந்து, அது தமிழில் வந்தால், அப்போது பாட்டைச் சேர்த்துக்கொள்ளலாம்.

பேஸ் பற்றி ஒரு வார்த்தை. தொடர் இசையில் பேஸ் என்பது அடியில் ஒரு இருட்டு, அவ்வளவுதான். இந்த இசையில் அது மெட்டு வாசிக்கும் வாத்தியம். யெஸ் குழுவின் கிறிஸ் ஸ்குவயர் ரிக்கன்பாக்கர் பேஸைப் பிக் வைத்து, மேல் அலைவரிசை துலங்க வாசித்ததைக் கேளுங்கள். கிட்டாரும் கீபோர்டும் ஒதுங்கி நின்று வழிவிடும். சாருகேசி வரியை ஏழாவது நிமிடத்தில் பேஸிடம் கொடுக்கச் சொன்னது இதை மனதில் வைத்துத்தான்.

அடுத்து உங்கள் பேட், அதாவது பின்னால் நீண்டு ஒலிக்கும் கோர்டுகள். தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரு ஸ்ட்ரிங்ஸ் பேட் நிற்காமல் ஒலிக்கிறது. வசனங்களுக்கு அடியில் வெற்றிடம் தெரியாமல் இருக்க நீங்கள் போட்டுப் பழகியது. 1970களின் புரோகிரசிவ் ராக்கில் கேட்கும் அந்த ஏக்கம் நிறைந்த ஸ்ட்ரிங்ஸ் பெரும்பாலும் மெலோட்ரான் என்ற கருவியிலிருந்து வந்தது. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு டேப் துண்டு, நிஜமான வயலின்களின் பதிவு அதில் இருக்கும். கட்டையை அழுத்தினால் ஏறக்குறைய எட்டு நொடி ஒலிக்கும், அதோடு டேப் தீர்ந்துவிடும். கையை எடுத்தால்தான் அது பழைய இடத்துக்குத் திரும்பும். அதனால் வாசிப்பவர் எட்டு நொடிக்குள் கோர்டை மாற்றியே தீர வேண்டும். இசை மூச்சுவிட்டது அதனால்தான். உங்கள் பேட் முழுவதையும் மியூட் செய்துவிட்டு ஒருமுறை கேளுங்கள். எங்கெங்கே ஓட்டை தெரிகிறதோ அங்கெல்லாம் எழுத வேண்டியது எழுதப்படாமல் இருக்கிறது என்று பொருள். எழுதிய பிறகு, எட்டு நொடிக்கு மேல் எந்தக் கோர்டையும் பிடிப்பதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொண்டு ஸ்ட்ரிங்ஸைத் திரும்பச் சேர்த்துப் பாருங்கள்.

தாளத்தில் உங்களுக்கு ஒரு பெரிய அனுகூலம் இருக்கிறது, அதை நீங்கள் பாதிதான் பயன்படுத்துகிறீர்கள். நான்காவது நிமிடத்திலிருந்து மிஸ்ர சாபு, தகிட தகதிமி, ஆறு நிமிடம் ஒரே அழுத்தத்தில் ஓடுகிறது. ஏழு அட்சரம் என்பதே சாதனை இல்லை. பிங்க் ஃப்ளாய்டின் ‘மனி’ ஏழில் நடக்கும், சாக்ஸபோன் வரைக்கும் ஏழுதான். கிட்டார் சோலோ வந்ததும் நான்குக்கு மாறிவிடும். மாறிய அந்த நொடியில் வரும் விடுதலை உணர்வுக்குக் காரணம், அதுவரை ஏழில் கட்டிப்போட்டிருந்ததுதான். ஜெனிசிஸ் 1972-ல் செய்த ‘சப்பர்ஸ் ரெடி’ படைப்பில் ஒன்பது அட்சரப் பகுதி ஒன்று உண்டு. பேஸும் டிரம்ஸும் மூன்று, இரண்டு, நான்கு என்று பிரித்து ஒன்பதை விடாமல் பிடித்திருக்க, டோனி பேங்க்ஸின் ஆர்கன் அதன் மேல் தன் சொந்தக் கணக்கில் போகும், எப்போது சேரும் என்று நாம் காத்திருப்போம். தனி ஆவர்த்தனம் கேட்ட காதுக்கு இது புதிதா? தாளம் கையில் ஒன்றாக ஓட, மிருதங்கம் வேறு நடையில் போய், கோர்வையை (முடிக்கும்போது வாசிக்கும் தாளக் கட்டு) மூன்று முறை வைத்துச் சமத்தில் (தாளத்தின் முதல் தட்டு) வந்து விழும்போது சபை முழுக்கக் கை தட்டுகிறதே, அதே இன்பம்தான். பதினான்காவது நிமிடத்துக்கு ஒரு கோர்வை எழுதுங்கள். மிருதங்க சொற்கட்டாக முதலில் வாயால் சொல்லிப் பார்த்துவிட்டு, பிறகு டிரம்ஸுக்கும் பேஸுக்கும் பிரித்துக் கொடுங்கள். கேரளத்தின் மதர்ஜேன், பெங்களூருவின் அகம் போன்ற குழுக்கள் கர்நாடக இசையையும் ராக்கையும் இப்படிப் பக்கத்தில் வைத்து வேலை செய்து காட்டியிருக்கிறார்கள். மதர்ஜேனின் 2008 ஆல்பம் ‘மக்தூப்’பில் பைஜு தர்மஜன் கிட்டாரில் கமகம் (சுரத்தை அசைத்து வளைப்பது) வாசிப்பதைக் கேளுங்கள்.

கமகம் என்றதும் உங்கள் பிட்ச் பெண்ட் நினைவுக்கு வருகிறது. இடதுகைச் சக்கரத்தில் நீங்கள் செய்வது எளிய விஷயமில்லை. செக் நாட்டில் பிறந்த யான் ஹாமர், ஜாஸ் ராக் குழுவான மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவில் மினிமூக் சிந்தசைசரின் சக்கரத்தை வளைத்து வளைத்து ஜான் மெக்லாக்லினின் கிட்டாரோடு சரிக்குச் சரி நின்றார். அதே ஹாமர்தான் 1984-ல் ‘மயாமி வைஸ்’ தொலைக்காட்சித் தொடருக்கு இசையமைத்தார். அதன் முகப்பிசை அடுத்த ஆண்டு அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. அவர் உங்களுக்கு எதிர்ப்புறத்திலிருந்து வந்தவர். கையில் இருந்த குரல் ஒன்றுதான், இரண்டு இடத்திலும் அதையே கொண்டுபோனார்.

பெயரைப் பற்றிய பயத்தைப் புரிந்துகொள்கிறேன். குடும்பம் அந்த வருமானத்தில் ஓடும்போது இது சின்ன விஷயம் இல்லை. டெர்பிஷயரும் இரண்டு வழியிலும் போயிருக்கிறார். வெளியே ஸ்டாக் மியூசிக் லைப்ரரிக்காக (நிகழ்ச்சிகளுக்கு எடுத்துப் பயன்படுத்தத் தயாராக வைக்கும் இசைத் தொகுப்பு) செய்த இசையில் லி டி லா ரூஸ் என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். ‘அன் எலெக்ட்ரிக் ஸ்டார்ம்’ ஆல்பத்தில் தன் பெயரையே போட்டார். ‘டாக்டர் ஹூ’ முகப்பிசைக்கோ அவர் பெயர் திரையில் வரவில்லை. கிரெய்னர் பாதி உரிமையை அவருக்குக் கொடுக்க விரும்பியும் பி.பி.சி. விதி இடம் தரவில்லை. தொடரின் ஐம்பதாம் ஆண்டுச் சிறப்பு எபிசோடில், 2013-ல், அவர் பெயர் வந்தபோது அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். உங்கள் பெயரைப் போடுங்கள். தொடர்த் தயாரிப்பாளர்களுக்கு வேண்டியது மாலை நான்கு மணிக்கு டிராக் வந்து சேர வேண்டும் என்பது. அது தவறாத வரை, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் என்ன வாசிக்கிறீர்கள் என்று யாரும் கேட்கப் போவதில்லை. ஆல்பம் வெளியாகும் மாதத்தில் மட்டும் புதிய தொடர் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள், இரண்டையும் ஒரே நேரத்தில் காப்பாற்ற முடியாது.

கிட்டார் நண்பரை விட்டுவிடாதீர்கள். உண்மையைச் சொல்கிற காது கிடைப்பது அரிது. அவர் வாசிக்கவும் செய்வார் என்றால் பன்னிரண்டாவது நிமிடத்து முழு வடிவத்தை அவருக்குக் கொடுங்கள். எழுதிக் கொடுக்காமல், பாடிக் காட்டிவிட்டு விட்டுவிடுங்கள்.

எழுதி முடிக்க வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. இரண்டாவது நிமிடத்தில் வரும் மெட்டு ஒரு தொடரில் ஏற்கெனவே ஒளிபரப்பானது என்று கடிதத்தின் கடைசி வரியில் சொல்லியிருக்கிறீர்கள். அதன் உரிமை யாரிடம் இருக்கிறது என்று நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். புரியாவிட்டால் காப்புரிமை தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் அந்த மெட்டை எடுத்துவிடுங்கள், அந்த இடத்தில்தான் சாருகேசியின் பாதி வரப்போகிறதே. டிரம்மருக்கும் பேஸ் கலைஞருக்கும் ஒரு நாள் சம்பளமா, ஆல்பத்தில் பங்கா, அட்டையில் பெயர் எப்படி வரும் என்பதையும் ஒரு தாளில் எழுதி, ரெக்கார்டிங்குக்கு முன்பே இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.